ஊதா முகில்

சீன தேசத்திலே, யாங்சி ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், நான்தொங் என்றொரு நகரம் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடக்கம் ஈராண்டு காலம் அந்நகர்க் கல்லூரியொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. முதல் மாரியிலேயே, சுடுநீர்ப் போத்தலைச் சரிவர மூடாது தூக்கி, கொதிநீரை இடது புறங்கையிலே கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில், மருந்துக்கடையொன்றிலே நெடுங்காலம் மூலிகை நிறுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். தெருவார் அனைவரும் அவரைப் ‘பாட்டி’ என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்து வந்தேன். தீப்புண்ணுக்குக் கைகண்ட களிம்பொன்று அவரிடம் உண்டென்பது ஊரறிந்த செய்தியாதலின் அங்கே ஓடினேன்.

பாட்டி களிம்புச் சிமிழைத் தொடவுமில்லை. என் கையைப் பற்றிக் குழாயடியில் நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். மாரிக்காலத்துத் தண்ணீர், விரல்கள் விறைத்தன.

“மருந்தைப் பூசிவிடுங்களேன், பாட்டி” என்று கெஞ்சினேன்.

“பொறுங்கள், வாத்தியாரே. கையிலே நெருப்பு இன்னும் இருக்கிறது. இப்போது எண்ணெயைப் பூசினால் அதை உள்ளே வைத்து மூடியதாகும்.”

இருபது நிமிடம் அவ்வாறே நிறுத்திவைத்தார். இன்றைய வைத்தியர்களும் அந்த இருபது நிமிடத்தையே விதிக்கின்றனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். தோல் சிவந்ததேயன்றிக் கொப்புளிக்கவில்லை என்பதைக் கண்ட பின்னரே சிமிழ் திறந்தது. தோல் உரிந்திருந்தாலோ, புண் உள்ளங்கையிலும் பெரிதாயிருந்தாலோ தம்மிடம் வரலாகாது, நேரே வைத்தியசாலைக்கே போகவேண்டுமென்று எச்சரித்தும் அனுப்பினார். தம் மருந்தின் எல்லையைத் தாமே சொல்லும் மருந்துக்காரரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

சிமிழுக்குள் இருந்தது ஆழ்ந்த செவ்வூதா நிறம். அதன் மூலம் அந்நகருக்கே உரியது. மிங் அரசர் காலத்தில் அங்கு வாழ்ந்த சென் ஷிகொங் என்னும் சத்திரவைத்தியர் 1617இல் வெளியான தம் நூலிலே, நல்லெண்ணெய் நான்கு லியாங், தாங்குய் வேர் ஐந்து சியென், ஊதா வேர் ஒரு சியென், மஞ்சள் மெழுகு ஐந்து சியென் என்று அளவு கூறியுள்ளார். பத்துச் சியென் கொண்டது ஒரு லியாங். ஆயின் அவர் அதனை வகுத்தது தீப்புண்ணுக்கன்று. தோல் வறண்டு செதிலுதிரும் நோய்க்கே. பிற்காலத்தில் ஜப்பானியராகிய ஹனஓக்கா செய்ஷு (1760–1835) அதிற் சிறிது பன்றிக்கொழுப்பைச் சேர்த்து, ஊதா வேரையும் பெருக்கினார். 1804இல் நோயாளியை மயக்கமுறச் செய்து மார்புப் புற்றை அறுத்தெடுத்தவரும் இவரே. ஜப்பானிய அளவின்படி எண்ணெய் 1000 கிராமுக்கு ஊதா வேர் 100 கிராம். சென்னின் கணக்கிலோ அது 25 கிராமே ஆகும். ‘ஊதா முகிற் களிம்பு’ என்று பொருள்படும் பெயரும் அங்கே அதற்கு வாய்த்தது. தீப்புண்ணுக்கும் பனிவெடிப்புக்கும் அதனை இடுகின்றனர்.

பாட்டி பன்றிக்கொழுப்பைச் சேர்ப்பதில்லை. ஊதா வேரை மட்டும் தாராளமாக இடுவார். அவ்வேர் சின்ஜியாங்கிலிருந்து வருவது. அங்கே வேலைபார்த்த மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொதி கொணர்ந்திருந்தான். தாங்குய், கான்சு மாகாணத்தது.

சிமிழ் தீர்ந்ததும் புதிதாகக் காய்ச்சுவதைக் காண விரும்பினேன். கை ஆறியிருந்தது, உதவவும் முன்வந்தேன். தாச்சியில் நல்லெண்ணெய் காய்ந்ததும், சீவிய தாங்குய்த் துண்டுகளை இட்டார். அவை மெல்லப் பொரிந்து, ஓரம் கருகுமுன் பழுப்பாகும் பதத்தில் அரித்தெடுக்க வேண்டும். பின்பு அடுப்பைத் தணித்து, எண்ணெயின் வேகம் அடங்கவிட்டே ஊதா வேரை இடவேண்டும். அதன் நிறம் தண்ணீரிலே எளிதில் இறங்காது. எண்ணெயிலோ உடனே இறங்கிவிடும். தமிழகத்துப் பெண்கள் கூந்தல் எண்ணெயிலே வேம்பாளம்பட்டையை இட்டுச் சிவக்கவைப்பதை ஒத்த காட்சி அது. அந்நிறப்பொருளுக்கு ஷிகோனின் என்று பெயர்; அதனை ஆராய்ந்து 1918இல் வெளியிட்டவர் குரோதா சிக்கா என்னும் ஜப்பானிய இரசாயன அறிஞரான அம்மையார். மிகுந்த சூட்டில் அப்பொருள் சிதையும்.

இது எனக்கு அன்று தெரியாது. வாயிலில் யாரோ அழைக்க, பாட்டி எழுந்து சென்றார். வேர் மேலும் நிறம் விடட்டும் என்றெண்ணி அடுப்பைச் சற்றுத் தூண்டினேன். திரும்பி வந்தவர் தாச்சியை நோக்கினார். செவ்வூதா மறைந்து, காய்ச்சிய புளிபோல் பழுப்பேறியிருந்தது.

“மணம் மாறவில்லையே, பாட்டி. வீட்டுத் தேவைக்காவது வைத்துக்கொள்ளலாமே?” என்றேன்.

“யாருடைய புண்ணில் பூசுவது, வாத்தியாரே?”

கடிந்துகொண்டிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். எண்ணெய் முழுவதையும் சாம்பலிற் கொட்டினார். பொதியின் கடைசி வேர்கள் அவை. மகன் அடுத்து எப்போது வருவான் என்று கேட்க எனக்கு வாயெழவில்லை. சந்தையில் தேடி ஒரு கட்டு வேர் வாங்கிக்கொடுத்தேன். பாட்டி ஒன்றை நகத்தாற் கீறி, “பழைய சரக்கு” என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்.

இளவேனில் தொடங்கியபின் ஒருநாள் சுவரைத் தட்டி அழைத்தார். மேசைமீது தபாலில் வந்த பொதியொன்று அவிழ்ந்து கிடந்தது. அடுப்புப் பொறுப்பை மீண்டும் என்னிடமே ஒப்படைத்தார். தாங்குய் பழுப்பேற, அரித்தெடுத்தேன், சுடரை அணைத்தேன், அவர் தலையசைக்கும்வரை கைகட்டி நின்றேன். வேர் விழுந்த இடத்திலிருந்து செம்மை சுழன்று பரந்தது. துணியில் வடித்து, மெழுகைக் கரைத்தோம். வெயிற்காலம் வருவதால் மெழுகு சற்றுக் கூடவேண்டுமாம். குளிர்ந்த தட்டிலே ஒரு துளி விட்டுப் பார்த்தார் பாட்டி. அது உறைந்து ஊதாவாயிற்று. என் பழைய வடுவின்மேல் அதனை விரலாற் தடவிவிட்டு, சிமிழ்களைக் கழுவ எழுந்து போனார்.