பழைய பார்பிக்குச் செய்யும் வைத்தியம்

அமெரிக்காவில் 1960-களில் சிறுமிகளாக இருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். வீடு மாற்றும்போதோ, தாயார் காலமான பிறகு பரணை ஒழிக்கும்போதோ, அவர்களுள் பலருடைய கைக்கு ஒரு பழைய பெட்டி வந்து சேருகிறது. திறந்தால் உள்ளே, குதிரைவால் கொண்டையும் நெற்றியில் சுருண்ட முன்மயிரும் ஓரக்கண் பார்வையுமாக, பதினொன்றரை அங்குல உயரத்துப் பார்பி படுத்திருக்கிறாள். ஆனால் காதைச் சுற்றிப் பச்சைக் கறை படர்ந்திருக்கிறது. காலைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. தலைமயிர் சிக்குண்டு திரி திரியாய்க் கிடக்கிறது. இந்த உபத்திரவங்களை நிவர்த்தி செய்வது இன்று ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. பொம்மைக்கு வைத்தியம் பார்ப்பது நூதனமான காரியமன்று. போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரத்தில் 1830-ஆம் ஆண்டிலேயே ஒரு பொம்மை ஆஸ்பத்திரி ஏற்பட்டுவிட்டது. மரமும் துணியும் பீங்கானும் அந்தக் கால வைத்தியருக்குப் பழகிய வஸ்துக்கள். பார்பியின் சரீரமோ தலைமுதல் கால்வரை ரசாயன சாலையில் பிறந்தது; ஆகவே அவளுடைய வியாதிகளும் அந்த வழியாகவே வருகின்றன.

பார்பியை உருவாக்கிய மாட்டெல் கம்பெனியை ஸ்தாபித்தவர்களுள் ஒருவரான ரூத் ஹாண்ட்லர் 1956-இல் குடும்பத்துடன் ஸ்விட்சர்லாந்து சென்றிருந்தபோது, லில்லி என்ற ஜெர்மானியப் பொம்மை ஒன்றைக் கடையில் கண்டார். குழந்தையின் உருவமாக இல்லாமல் வளர்ந்த யுவதியின் உருவமாக இருந்த அதுவே பார்பிக்கு முன்மாதிரி. லில்லி கடினமான பிளாஸ்டிக்கால் ஆனவள். பார்பியை மிருதுவான வினைலில் வார்க்க வேண்டும் என்று தீர்மானித்து, ஜப்பானில் செய்வித்து, 1959 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடையில் நிறுத்தினார்கள். விலை மூன்று டாலர். தொட்டால் இதமாக இருக்கும் அந்த மென்மைதான் பிற்காலத்துச் சங்கடங்கள் அனைத்துக்கும் மூலம்.

வினைல், அதாவது பாலிவினைல் குளோரைடு, இயற்கையில் மிருதுவான வஸ்து அன்று. தண்ணீர்க் குழாய் செய்யப் பயன்படுகிறதே, அந்தக் கெட்டிப் பொருள்தான் அதன் சுயரூபம். அதை இளக்குவதற்காக எண்ணெய் போன்றதொரு திரவத்தைக் கலக்கிறார்கள். சில கலவைகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இத்திரவமாகவே இருக்கும். அது வினைலோடு ரசாயன முறையில் பிணைந்துகொள்வதில்லை. அணுத்திரள்களுக்கு நடுவே வெறுமனே குடியிருக்கிறது. ஆகவே வருஷங்கள் செல்லச் செல்ல மெதுவாக மேற்பரப்புக்கு வந்து, அங்கே பிசுக்காகத் தங்கி, காற்றிலுள்ள தூசியை எல்லாம் பிடித்துக்கொள்கிறது. கழுவினால் பிசுக்குப் போகும். உள்ளிருந்து வெளியேறிய திரவத்தைத் திருப்பி வைப்பதற்கு ஒருவரிடமும் மருந்து இல்லை.

கழுவும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, பஞ்சு சுற்றிய குச்சி, பொறுமை. முழங்கால் மடங்கும்படி 1965-இல் வந்த பொம்மைகளின் காலுக்குள் உலோகம் இருப்பதால் அவற்றை நீரில் அமிழ்த்தலாகாது. நகச்சாயம் போக்கும் திரவத்தை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அது உதட்டுச் சாயத்தைக் கரைத்துவிட்டு, அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கையும் அரிக்கத் தொடங்கும்.

பச்சைக் காது விஷயம்தான் விஸ்தாரமாகச் சொல்லத் தக்கது. அந்நாளைய பார்பியின் காதணித் தண்டு செம்பு கலந்த உலோகத்தால் ஆனது. வினைல் முதுமையடையும்போது அதிலிருந்து அற்ப அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரிகிறது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் களிம்பு ஏறுவது போல, அந்த அமிலம் செம்பைத் தீண்டிப் பச்சை உப்பாக மாற்றுகிறது. அந்த உப்பு தண்டின் மேலேயே நின்றுவிட்டால் துடைத்துவிடலாம். ஆனால் அது வினைலின் உள்ளே புகுந்து, கன்னத்தை நோக்கி வருஷக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சேகரிப்பாளர் இதற்குக் கண்டுபிடித்த உபாயம் வேடிக்கையானது: வாலிபர்கள் முகப்பருவுக்குப் பூசிக்கொள்ளும் பென்ஸாயில் பெராக்ஸைடு மருந்தைக் கறையின்மேல் மட்டும் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, வெளிச்சமும் கதகதப்பும் படும் இடத்தில் வைத்து, காய்ந்ததும் துடைத்து மறுபடி தடவுகிறார்கள். நாளடைவில் பச்சை மங்குகிறது. ஆயினும் பெராக்ஸைடு நிறத்தை வெளுக்கும் வஸ்து என்பதை மறக்கலாகாது; அது கறையையும் சருமத்தையும் பிரித்தறியாது. சிறிது அதிகமானால், பச்சைக் காதுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்த கன்னம் கிடைக்கும். ஆழத்தில் எஞ்சிய உப்பு சில காலத்துக்குப் பிறகு மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. எனவே கறை காதோடு நிற்குமானால், காதணியை மாத்திரம் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

தலைமயிர் இவ்வளவு பிடிவாதமானதன்று. ஆரம்ப காலத்துப் பார்பியின் கூந்தல் சரான் என்ற இழையால் ஆனது; டௌ ரசாயன சாலையில் ரால்ஃப் வைலி என்ற ஊழியர் 1933-இல் தற்செயலாகக் கண்ட பொருள் அது. அதே சரான் பின்னாளில் உணவைப் பொதியும் மெல்லிய படலமாகவும் சமையலறைகளில் புகுந்தது. சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கும் வடிவத்திலேயே நிலைத்துவிடுவது இவ்விழையின் சுபாவம். கூந்தலை அலசி, மயிரை மிருதுவாக்கும் திரவம் தடவி, நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கிச் சிறிது சிறிதாகச் சீப்பால் சிக்கெடுத்து, பிறகு சுருள் வேண்டிய இடத்தில் பானம் உறிஞ்சும் குழலில் சுற்றி, கொதித்துச் சற்று ஆறிய நீரை ஊற்றி, அசைக்காமல் உலரவிட்டால், 1960-இல் இருந்த சுருள் ஏறக்குறைய திரும்பிவிடும். ஆலையில் கட்டிய கொண்டை கலையாமல் இருக்கிறதென்றால் மட்டும் இவ்வளவு பிரயத்தனமும் வேண்டாம். அதை அவிழ்ப்பவனைச் சேகரிப்பாளர் மன்னிப்பதில்லை.

உடைமைக்காரி ஏழு வயதில் கத்தரிக்கோல் எடுத்துத் தானே மயிர் வெட்டிவிட்ட பொம்மைகளும் உண்டு. அவற்றுக்குப் புது மயிர் நடலாம்: தலையை வெந்நீரில் இளக்கிக் கழுத்துக் குமிழிலிருந்து கழற்றி, பழைய துவாரங்களிலேயே ஊசியால் இழைகளைக் கோக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கழுத்து பிளந்துவிடும். அந்தப் பிளவு ஒட்டினாலும் நெடுநாள் நிற்பதில்லை. விற்பதற்காகச் செய்கிறவர், மயிர் புதிது, உதட்டுச் சாயம் புதிது என்று வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இத்துறையின் தர்மம். தனக்காகவே செய்கிறவருக்கோ அந்த அலங்கோலமான வெட்டும், கால் விரல்களில் பதிந்த பால்பல் தடமும் யார் கைவேலை என்று நன்றாகத் தெரியும். அவற்றையும் திருத்தத்தான் வேண்டுமா என்று வைத்தியர் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, பத்திரப்படுத்துவது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பொருள்களின் பாதுகாப்பை ஆராய்ந்த இவோன் ஷஷுவா, இளக்கும் திரவம் வினைலைவிட்டு வெளியேறுவது மூடிய கண்ணாடிக் கலத்தில் மந்தப்படுகிறது என்றும், பாலிதீன் பை அத்திரவத்தை உறிஞ்சி மேலும் வெளியே இழுக்கிறது என்றும் கண்டார். ஆகவே நன்மை என்று எண்ணி பிளாஸ்டிக் பையில் சுற்றிவைப்பது விபரீதமாகவே முடியும். குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். சிவப்பும் கறுப்புமான உடைகளின் சாயம் வினைலில் ஊறிவிடுமாதலால் அவற்றைக் கழற்றித் தனியே மடித்துவைக்க வேண்டும். கழற்றிய காதணிகளையும் எறிந்துவிடாமல் ஒரு காகித உறையில் போட்டு, எந்தப் பொம்மையினுடையவை என்று மேலே எழுதிவிட்டால், பின்னால் வாங்குபவரோ வாரிசோ தேடி அலைய நேராது.