ஏரிக்கரை நடையும் நீச்சல் பாடமும்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் எழும் கேள்வி, "இன்றைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?" என்பதுதான். கப்பன் பூங்காவும் லால்பாகும் பார்த்துப் பழகிய இடங்கள். கடைவீதிக்குப் போனாலோ கையைக் கடிக்கிறது. பிரேசர் டவுனில் குடியிருக்கும் எங்களுக்குக் கிடைத்த விடை, இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள அல்சூர் ஏரி. பேரப்பிள்ளைகளுடன் அங்கே போய்வந்த அனுபவத்தில் கண்ட சில செய்திகளை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் பேட்டையின் கதை பலருக்கும் தெரிந்ததே. 1898ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவிய பிறகு, தண்டுப் பகுதியின் நெருக்கடியைக் குறைக்க உருவான குடியிருப்பு இது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயர் இதற்கு வந்தது. புலிகேசி நகர் என்று பெயர் மாற்றியும் நம் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

அல்சூர் ஏரியோ அதைவிட மிகப் பழமையானது. கெம்பே கௌடரின் மரபினர் காலத்தில் வெட்டப்பட்டது என்பர். சுமார் 120 ஏக்கர் பரப்பு. நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள். கரையின் ஒரு பக்கம் மதராஸ் என்ஜினியர் குரூப் எனும் ராணுவப் படைப்பிரிவு இருக்கிறது. அந்தப் படைவீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் "தம்பி" என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஏரிக்கு அருகே திருவள்ளுவர் சிலையும் உண்டு. 18 ஆண்டுகள் துணியால் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்ட சிலை அது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வதும் ஒரு பாடமே.

நடப்பதற்குக் காலை நேரமே உகந்தது. வெயில் ஏறுமுன் கரையோரப் பாதையில் பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம். சிறுவர்கள் நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டே வருவார்கள். நீரைக் கண்டதும் "தாத்தா, இதில் இறங்கிக் குளிக்கலாமா?" என்று என் பேரன் கேட்டான். ஊரில் ஏரியில் குதித்து விளையாடியதை நான்தானே கதை கதையாகச் சொல்லியிருந்தேன்!

கூடாது என்பதே விடை. சுற்றியுள்ள பகுதிகளின் மழைநீர்க் கால்வாய்கள் வழியே கழிவுநீரும் இந்த ஏரிக்கு வந்திருக்கிறது. 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நகரமே பார்த்தது. அடியில் சேறும் கொடிகளும் வேறு. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்காகவும் மாறிவிட்ட நகரத்தில், இந்த ஏரி மிஞ்சியிருப்பதே பெரிது. இதைப் பார்க்கலாம், சுற்றி நடக்கலாம், இறங்கக் கூடாது.

அப்படியானால் நீச்சல்? ஏரியை அடுத்துக் கென்சிங்டன் சாலையில் மாநகராட்சியின் நீச்சல் குளம் இருக்கிறது. சதாசிவ நகர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு, 1882ஆம் ஆண்டில் கர்னல் சாங்கி அமைத்த சாங்கி ஏரியை ஒட்டியும் அவ்வாறே ஒரு குளம் உண்டு. இவை சில சமயம் பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதால், நேரமும் கட்டணமும் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. முதலில் நடை, பிறகு நீச்சல், அதன்பின் கட்டுச்சோறு என்று வைத்துக்கொண்டால் அரைநாள் இனிதே கழியும். நீந்தி வந்த பிள்ளைகள் புளியோதரைத் தூக்கை வழித்துவிடுவார்கள்!

இதை வெறும் பொழுதுபோக்காக நான் சொல்லவில்லை. மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் நாம் எல்லோரும் சொந்த ஊருக்குப் போகிறோம். வேலூர், திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் இறைப்புக் கிணறுகள் எவ்வளவு ஆழம் என்று நமக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டியோ முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். அவர்கள் தொம்மென்று குதிப்பதைப் பார்த்து, அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த நம் பிள்ளையும் குதித்துவிட்டால்? ஆடிப்பெருக்கை ஒட்டி ஒகேனக்கலுக்கும் மேகதாதுவுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்களும் நம்மில் பலர். அங்கே பாறை வழுக்கும், சுழல் இழுக்கும், மேலே அணை திறந்தால் நீர்மட்டம் திடீரென ஏறும். குளத்தில் நன்றாக நீந்துகிறவரையும் ஆறு ஏமாற்றிவிடும்.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும், பிறரைப் பத்திரமாகக் காப்பாற்றும் முறையும் கற்றுத்தர வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. முதலில் மல்லாந்து மிதக்கப் பழக வேண்டும். வேகம் பிறகு தானே வரும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை, சத்தமின்றியே அமிழ்ந்துவிடுவார். ஆகவே பெரியவர் ஒருவர் பார்வையை எடுக்காமல் கரையில் இருக்க வேண்டும். ஒருவர் தத்தளித்தால் உடனே குதிக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டும். கயிறோ, வேட்டியோ, புடவையோ, மூடிய காலி பிளாஸ்டிக் கேனோ வீசிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வெயிலில் கறுத்துப்போவாள், அவளுக்கு எதற்கு நீச்சல்?" என்று எங்கள் வீட்டிலும் பேச்சு எழுந்தது. கிணற்றுக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது என்றேன். இப்போது பேத்தி அண்ணனை முந்துகிறாள். மருமகளும் பெண்களுக்கான நேரத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார். நாற்பது வயது ஒன்றும் தாமதமில்லை.

அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் போய்வரும் செலவும் குறையும். பிள்ளைகளுக்குத் தமிழில் பேசி விளையாடத் துணையும் கிடைக்கும். அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குப் பெட்டி கட்டுமுன் நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் மிதக்கவாவது பழகியிருக்க வேண்டும். வரும் ஞாயிறே தொடங்கலாமே!