லேப்டாப்பிலேயே ‘கிட் குளோன்’... அது பேக்கப் ஆகுமா?

ஒரே லேப்டாப்பில் இருக்கும் ரெப்போவை இன்னொரு ஃபோல்டருக்கு ‘கிட் குளோன்’ செய்தால், பழைய கமிட்கள் எத்தனை இருந்தாலும் சட்டென முடிந்துவிடும். காரணம், கிட் அவற்றை காப்பி எடுப்பதே இல்லை!

ஃபோல்டர் பாதையை நேரடியாகக் கொடுத்தால், கமிட் வரலாறு இருக்கும் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் மட்டும் போடும். டிஸ்க்கில் டேட்டா ஒன்றுதான், பெயர் இரண்டு. அப்போ ஒரு பக்கம் கமிட் செய்தால் மறுபக்கமும் மாறிவிடுமா? மாறாது. எழுதிய ஆப்ஜெக்டை கிட் திருத்தாது. புது கமிட்டுக்குப் புது ஃபைல்தான். ஒரிஜினல் ஃபோல்டரை டெலீட் செய்தாலும் குளோன் பிழைக்கும். (‘ஷேர்டு’ ஆப்ஷனில் எடுத்த குளோனுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அது ஒரிஜினலிடம் கடன் வாங்கியே ஓடுகிறது.)

டிஸ்க்கில் அந்த இடம் கெட்டுப்போனால்தான் வம்பு. டேட்டா ஒன்றே என்பதால் இரண்டு ரெப்போவும் சேர்ந்தே காலி. பேக்கப் என்று நம்பி குளோன் எடுத்து வைப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ‘நோ-ஹார்ட்லிங்க்ஸ்’ ஆப்ஷன் கொடுத்தால் தனி காப்பி கிடைக்கும். ஆனால், லேப்டாப் தொலைந்தால் அதுவும் போச்சு. பென் டிரைவுக்கு குளோன் செய்யும்போது இந்தக் குழப்பமே இல்லை; வேறு டிஸ்க்குக்கு ஹார்ட் லிங்க் போட முடியாது என்பதால், கிட் நிஜமாகவே காப்பி எடுத்துவிடும்.