பின்னச்சை அறியும் வகை

போர்டு எப்-150 வண்டியின் பின்னச்சு எண்ணெயை மாற்றப் புகுமுன், அவ்வச்சு இன்னதென்று நாம் அறிதல் வேண்டும். 1997 முதல் 2003 வரை வெளிவந்தவற்றுள், பின்மூடியில் பத்துப் போல்ட்டுகள் காணின் 8.8 அங்குல வகை. பன்னிரண்டாயின் பெரும்பாலும் 9.75 அங்குல வகை. பழைய 9 அங்குல வகைக்கோ பின்மூடியே இல்லை.

ஓட்டுநர் கதவருகேயுள்ள சீட்டில் அச்சின் குறி 19 எனில் 3.55 விகிதமுள்ள சாதாரண அச்சு; எச்9 எனில் அதே விகிதத்தில் சக்கரம் வீணே சுழலாவண்ணம் தடுக்கும் உராய்வுத் தட்டுகளுடையது. பின்னதற்கு எண்ணெயோடு தனி மருந்தொன்றும் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடில் திருப்பங்களில் தட்டுகள் அதிர்ந்து ஓசை செய்யும்.

இன்னொன்று: ஊற்றும் துளையின் திருகு கழலுமா என்று பார்த்த பின்னரே பழைய எண்ணெயை வடித்தல் நலம். அஃது இறுகிக் கிடப்பின், எண்ணெயற்ற வண்டியருகே நாம் வாளாநிற்க நேரிடுமன்றோ?