புரத உலகின் வரைபடம்

நுழையும்முன்

மனித உடலில் ஏறத்தாழ இருபதாயிரம் மரபணுக்கள் புரதங்களை உருவாக்கும் கட்டளைகளைத் தாங்கியுள்ளன. அக்கட்டளைகளைப் படித்தறிந்த அறிவியல், அவற்றால் உருவாகும் புரதங்களையும் ஒவ்வொன்றாக இனங்காண முற்பட்டது. அம்முயற்சியில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு பெரிது. மருத்துவம் பயின்று, புரத ஆய்வுக்குத் தம்மை ஒப்படைத்துக்கொண்ட அறிவியலாளர் அகிலேஷ் பாண்டேயின் பணியையும், அப்பணி புற்றுநோய் ஆய்வுக்கு வழங்கிய கொடையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆலையில் ஒரு தராசு

கோவையின் நூற்பாலைகளில் நாள்தோறும் நிகழும் ஒரு சோதனை உண்டு. கதிரிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள நூலை எடுத்து, நுண்தராசில் இட்டு நிறுப்பர். நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டு, அந்நூல் நாற்பதாம் எண் நூலா, அறுபதாம் எண் நூலா என்று கணித்துவிடுவர். நூலின் நயம் கண்ணுக்குப் புலப்படாதபோதும் தராசு அதனைக் காட்டிக்கொடுக்கும். எடையை வைத்துப் பொருளின் இயல்பை அறியும் இந்த எளிய கருத்தே, கண்ணுக்குத் தெரியாத புரத மூலக்கூறுகளை இனங்காணவும் உதவுகிறது. அதற்கென உருவான கருவியே நிறை நிறமாலைமானி.

ஒரே ஏடு, இருவேறு உருவம்

புரதங்களை ஏன் தனியே ஆராய வேண்டும்? மரபணுக்களை அறிந்தால் போதாதா? இவ்வினாக்களுக்கு விடையைக் கோபிசெட்டிபாளையத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளிலேயே காணலாம். முசுக்கொட்டை இலையை இடைவிடாது தின்னும் புழுவும், கூட்டைத் துளைத்து வெளிவரும் அந்துப்பூச்சியும் ஒரே உயிர். இரண்டின் மரபணுத்தொகையும் ஒன்றே. ஆயினும் ஒன்று பட்டிழை சுரக்கிறது. மற்றொன்று சிறகு பெற்று முட்டையிடுகிறது. எழுதப்பட்ட ஏடு மாறவில்லை. அதிலிருந்து படிக்கப்பட்ட பக்கங்கள் மாறின. எந்தக் காலத்தில், எந்த உறுப்பில், எந்தப் புரதம், எவ்வளவு உருவாகிறது என்பதே வேறுபாட்டிற்குக் காரணம்.

ஓர் உயிரணுவிலோ உறுப்பிலோ உள்ள புரதங்கள் அனைத்தையும் சேர்த்துப் புரதத்தொகை என்பர். இதனைக் குறிக்கும் ‘புரோட்டியோம்’ என்னும் சொல்லை 1994ஆம் ஆண்டு மார்க் வில்கின்ஸ் உருவாக்கினார். நம் கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஒரே மரபணுத்தொகையைக் கொண்டவை. வேறுபட்ட புரதத்தொகையைக் கொண்டவை. நலமான உயிரணு புற்றுநோய் உயிரணுவாகத் திரியும்போதும் புரதத்தொகை மாறுகிறது. அம்மாற்றத்தை முன்கூட்டியே கண்டறிந்தால் நோயையும் முன்கூட்டியே அறியலாம் என்பதே இத்துறை ஆய்வாளர்களின் நம்பிக்கை.

எடைபோடும் கலை

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம். முழுச் சரத்தையும் அப்படியே ஆராய்வது கடினம். எனவே டிரிப்சின் என்னும் நொதியால் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டுவர். இந்நொதி கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. லைசின், அர்ஜினின் என்னும் இரண்டு அமினோ அமிலங்களை அடுத்தே வெட்டும். ஆதலால், ஒரு புரதம் எத்தகைய துண்டுகளாகும் என்பதை மரபணுச் செய்தியிலிருந்து முன்னரே கணித்துவிடலாம்.

வெட்டப்பட்ட துண்டுகளுக்கு மின்னூட்டம் அளித்து, வெற்றிடத்தில் பறக்கவிட்டு, மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ வழிநடத்துவர். எடை குறைந்த துண்டும் எடை மிகுந்த துண்டும் ஒரே வகையில் நகர்வதில்லை. இவ்வேறுபாட்டைக் கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நிறைக்கும் மின்னூட்டத்திற்கும் உள்ள விகிதத்தைக் கருவி அளக்கிறது. பின்னர் அத்துண்டை மேலும் உடைத்து, உடைந்தவற்றையும் நிறுக்கிறது. இவ்வாறு கிடைத்த எடைகளைக் கணினி, கணித்து வைக்கப்பட்ட எடைகளோடு ஒப்பிட்டு, இன்ன புரதத்தின் துண்டு இது என்று அறிவிக்கிறது.

தெரியுமா?

மென்மையான புரதத்தைச் சிதைக்காமல் மின்னூட்டம் பெறச் செய்வது நெடுங்காலம் இயலாத செயலாக இருந்தது. ஜப்பானின் கியோட்டோ நகரில் ஷிமாட்சு நிறுவனப் பொறியாளராக இருந்த கொய்ச்சி தனாகா, 1985ஆம் ஆண்டு ஆய்வின்போது கோபால்ட் நுண்துகளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். கலவையை வீணாக்க மனமின்றிச் சோதித்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறுகள் சிதையாமல் அயனிகளாயின. நீர்மத்தை மின்னூட்டம் பெற்ற நுண்திவலைகளாகத் தெளிக்கும் வேறொரு முறையை அமெரிக்கர் ஜான் ஃபென் உருவாக்கினார். இருவரும் 2002ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்குபெற்றனர்.

மருத்துவத்திலிருந்து ஆய்வகத்திற்கு

அகிலேஷ் பாண்டே புனேயிலுள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். நோயைக் குணப்படுத்தும் ஆர்வம், நோயின் மூலத்தை அறியும் ஆர்வமாக வளர்ந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், உயிரணு இறப்பு குறித்த ஆய்வுகளால் புகழ்பெற்ற விஷ்வா தீட்சித்தின் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் பகுதியில் நோயியல் பயிற்சியும், ஹார்வி லோடிஷின் ஆய்வகத்தில் மேலாய்வும் மேற்கொண்டார்.

உயிரணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையே அவருடைய ஆய்வுப்பொருள். வெளியிலிருந்து ‘வளர்க’ என்னும் செய்தி வரும்போது, உயிரணுவிற்குள் கைனேஸ் எனப்படும் நொதிகள் பிற புரதங்களில் பாஸ்பேட் என்னும் சிறு தொகுதியை ஒட்டவைக்கின்றன. அது விளக்கின் விசையைப் போன்றது. ஒட்டினால் புரதத்தின் செயல் மாறும். நீக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். சில புற்றுநோய்களில் இவ்விசை அணையாமல் சிக்கிக்கொள்கிறது. உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் இவ்வாறு சிக்கிய விசையை அடைக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. உயிர்பிழைக்க வழியின்றித் தவித்த பலருக்கு அது நெடிய வாழ்நாளை அளித்தது.

எந்தப் புரதத்தில் எந்த இடத்தில் விசை அழுத்தப்பட்டுள்ளது என்பதை எவ்வாறு அறிவது? பாஸ்பேட் ஒட்டினால் புரதத் துண்டின் எடை ஏறத்தாழ 80 டால்டன் கூடுகிறது. எடை கூடினால் தராசு சொல்லிவிடும். இதை உணர்ந்த பாண்டே, புரத நிறை நிறமாலையியலில் முன்னோடியான மத்தியாஸ் மானுடன் இணைந்து பணியாற்ற டென்மார்க்கிலுள்ள ஓடன்ஸ் நகருக்குச் சென்றார்.

குறியிட்ட மந்தை

அக்குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சைலாக்’ என்னும் முறை புரத ஆய்வின் போக்கையே மாற்றியது. பாண்டேயும் அக்கட்டுரை ஆசிரியர்களுள் ஒருவர். கொங்குநாட்டு மேய்ப்பர்கள் தத்தம் ஆடுகளின் முதுகில் வெவ்வேறு வண்ணக்குறி இடுவது வழக்கம். இருவர் மந்தைகள் கலந்தாலும், குறியைக் கண்டு எவர் ஆடுகள் எத்தனை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். சைலாக் முறையும் அத்தகையதே.

ஒரு கலத்தில் உள்ள உயிரணுக்களுக்கு இயல்பான லியூசின் என்னும் அமினோ அமிலத்தையும், மற்றொரு கலத்தில் உள்ளவற்றுக்குச் சற்றே எடைமிகுந்த லியூசினையும் உணவாக அளிப்பர். உயிரணுக்கள் பலமுறை பிரிந்து பெருகிய பின், இரண்டாம் கலத்தின் புரதங்கள் அனைத்தும் எடைக்குறி பெற்றுவிடும். பிறகு இரண்டையும் கலந்து ஒரே தராசில் நிறுத்தால், ஒரே புரதம் அடுத்தடுத்த இரண்டு முகடுகளாகத் தோன்றும். முகடுகளின் உயரத்தை ஒப்பிட்டால், நலமான உயிரணுவைவிடப் புற்றுநோய் உயிரணு எப்புரதத்தை எத்தனை மடங்கு மிகுதியாக உருவாக்குகிறது என்பது தெளிவாகும்.

இம்முறையைக் கொண்டு பாண்டேயின் குழு கணையப் புற்றுநோயை ஆராய்ந்தது. கணையம் வயிற்றின் ஆழத்தில் அமைந்த உறுப்பு. அங்குத் தோன்றும் கட்டி தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ காட்டுவது அரிது. தெரியவரும்போது பெரும்பாலும் அறுவை மருத்துவத்தின் எல்லையைக் கடந்திருக்கும். அக்கட்டியின் உயிரணுக்கள் வெளியே சுரக்கும் புரதங்களுள் ஏதேனும் ஒன்றை இரத்தத்தில் கண்டறிய முடிந்தால், காலங்கடந்து அறியப்படும் நோயைக் காலத்தே அறியலாம். இதுவே அவ்வாய்வின் நோக்கம்.

பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனம்

பாண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றத் தொடங்கிய காலத்திலேயே, 2002ஆம் ஆண்டு பெங்களூரில் உயிர்த்தகவலியல் நிறுவனத்தை நிறுவினார். இலாப நோக்கற்ற அந்நிறுவனத்தில் இளம் இந்திய ஆய்வாளர்கள் பலர் பயிற்சி பெற்றனர். உலகெங்கும் வெளியான ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, மனிதப் புரதங்கள் பற்றிய செய்திகளைத் திரட்டித் தரவுத்தளமாக்கி, 2003ஆம் ஆண்டு கல்வியாளர் பயன்பாட்டிற்கு வழங்கினர். கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் 2,516 மரபணுக்களின் பட்டியலை 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். பொறுமையன்றி வேறு முதலீடு இல்லாதார்க்கும் அறிவியலில் இடமுண்டு என்பதற்கு இத்தொகுப்புப் பணிகள் சான்றாகும்.

வரைபடமும் திருத்தமும்

2014ஆம் ஆண்டு மே மாதம் ‘நேச்சர்’ இதழில் மனிதப் புரதத்தொகையின் முதல் வரைவுப்படம் வெளிவந்தது. பாண்டேயின் தலைமையில் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் இணைந்து உருவாக்கிய இப்படம், 17 முதிர்ந்த திசுக்கள், 7 கருநிலைத் திசுக்கள், 6 இரத்த உயிரணு வகைகள் என 30 வகை மாதிரிகளை ஆராய்ந்தது. 17,294 மரபணுக்களின் புரதங்கள் இனங்காணப்பட்டன. இது புரதம் உருவாக்கும் மரபணுக்களில் ஏறத்தாழ 84 விழுக்காடு. புரதத்தை உருவாக்காதவை என்று கருதப்பட்ட சில மரபணுப் பகுதிகளும் புரதம் உருவாக்குவதாக அது தெரிவித்தது. அதே இதழில் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வுக்குழு ஒன்றும் தனித்தொரு வரைவை வெளியிட்டது.

உலகம் பாராட்டிய அதே ஆண்டில் ஒரு மறுப்பும் எழுந்தது. இரண்டு வரைவுகளிலும் மணம் நுகர உதவும் ஏற்பிகள் பல இடம்பெற்றிருந்தன. ஆனால், இரு குழுக்களும் மூக்கின் திசுவை ஆராயவே இல்லை. அவ்வாறாயின் அவை எங்கிருந்து வந்தன? ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் தரவுகளை மீண்டும் சோதித்து, அந்த அடையாளங்களுக்குரிய சான்றுகள் வலுவற்றவை என்று காட்டினர். கோடிக்கணக்கான அளவீடுகளை ஒப்பிடும்போது தற்செயலாகப் பொருந்திவிடுவனவும் சில இருக்கும். நெல்லோடு பதரும் சேர்ந்துவிடும். அதனைப் புடைத்து நீக்கும் விதிகள் பின்னர் மேலும் கடுமையாக்கப்பட்டன. அக்கடுமையான விதிகளின்படியே, 2020ஆம் ஆண்டு உலகப் புரதத்தொகைத் திட்டம் மனிதப் புரதங்களில் 90.4 விழுக்காட்டிற்கு உறுதியான சான்று கிடைத்ததாக அறிவித்தது.

பிழை சுட்டப்பட்டதால் முதல் வரைவின் பெருமை குறையவில்லை. தரவுகள் அனைத்தும் பொதுவில் வைக்கப்பட்டதனால்தான் பிறர் அவற்றைச் சோதிக்க முடிந்தது. மறைக்காமல் முன்வைப்பதும், சுட்டிய பிழையை ஏற்றுத் திருத்துவதும் அறிவியலின் அறம்.

எஞ்சியிருக்கும் தொலைவு

ஆய்வகத்தில் கண்டறியப்படும் புரதம் ஒன்று, மருத்துவமனையில் நோயறியும் சோதனையாக மாறுவதற்கு நெடுந்தொலைவு கடக்க வேண்டும். நலமானவரை நோயாளி என்று கூறினால் வீண் அச்சம் விளையும். நோயாளியை நலமானவர் என்று கூறினால் உயிரிழப்பு நேரும். எனவே ஆயிரக்கணக்கான மாதிரிகளில் சோதித்த பின்னரே ஒரு சோதனை ஏற்கப்படுகிறது. பட்டியலில் இடம்பெற்ற புரதங்களுள் மிகச் சிலவே அந்த எல்லையை எட்டுகின்றன.

ஆயினும் அப்பாதை திறந்தே உள்ளது. உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கணினி அறிவும் ஒன்றுகூடும் இத்துறையில், தறியின் ஓசை கேட்டு வளர்ந்த கொங்குநாட்டு மாணவருக்கும் இடமுண்டு. நூலை நிறுத்து அதன் தரத்தை அறிந்த மண்ணின் மைந்தர்கள், உயிரின் இழையை நிறுத்து நோயை அறியும் நாள் தொலைவில் இல்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எடையை வைத்துப் பொருளின் தரத்தை அறியும் தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றை நிறை நிறமாலைமானியோடு ஒப்பிட்டு எழுதுக.

2. ‘பிழையைத் திருத்திக்கொள்வதே அறிவியலின் வலிமை’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

புரதத்தொகையியல் – புரோட்டியோமிக்ஸ்
நிறை நிறமாலையியல் – மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி
மரபணுத்தொகை – ஜீனோம்
நொதி – என்சைம்
உயிர்த்தகவலியல் – பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்