பாடல் பதிவுக்கு எதை வாங்குவது? டேப்லெட்டா, கணினியா?

திருவனந்தபுரத்தில் பாடல் பதிவு என்றால் ஒரு காலத்தில் வெள்ளயம்பலத்தில் இருந்த தரங்கிணி ஒலிப்பதிவுக் கூடமே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். பாடகர் கே. ஜே. யேசுதாஸ் 1980-ஆம் ஆண்டில் தரங்கிணியை நிறுவினார். அத்தகைய கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒருசேரக் கூட வேண்டும். செலவழியும் மணி ஒவ்வொன்றுக்கும் வாடகை உண்டு. பின்னர் 1989-இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டின் பின்புறத்திலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். இன்றோ ஸ்ரீவராகத்தின் சந்து ஒன்றில் இரண்டறை வாடகை வீட்டில் குடியிருக்கும் நாகர்கோவில் குடும்பத்துப் பிள்ளையும், கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தபடியே ஒரு பாடலை முழுமையாகப் பதிவு செய்துவிட முடிகிறது.

ஆகவேதான் அநேக வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. சபையில் கீபோர்டு வாசிக்கும் மகன், "அப்பா, எனக்கு ஒரு ஐபேட் வேண்டும்" என்கிறான். விலையைக் கேட்டால் அது தகப்பனாரின் பல மாதச் சேமிப்பு. தவணைக்கு வாங்கினால் ஓராண்டு கட்ட வேண்டும். தவறான கருவியை வாங்கிவிட்டால் பணமும் போகும், பிள்ளையின் ஆர்வமும் குன்றும். கடைக்குப் போகும் முன்னர் சிலவற்றை நீங்கள் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, ஒலித்தாமதம். கடைக்காரர் வேகத்தையும் திரையின் அழகையும் சொல்வார். இதை மட்டும் சொல்லமாட்டார். கீபோர்டில் விரலை வைத்த நேரத்திற்கும் ஹெட்போனில் ஒலி கேட்கும் நேரத்திற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 10 மில்லி விநாடித் தாமதம் என்பது வாத்தியத்திலிருந்து 11 அடி தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். அதை எவரும் உணர்வதில்லை. தாமதம் 100 மில்லி விநாடியானால் 110 அடிக்கு அப்பால் நிற்கிறீர்கள், தாளம் தடுமாறும். ஆப்பிள் கருவிகளில் இத்தாமதம் தொடக்கமுதலே குறைவு. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் அது பெருங்குறையாக இருந்தது. 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் வெகுவாகத் திருத்தப்பட்டிருக்கிறது என்றாலும், கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. எனவே ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்குவதானால் கடையிலேயே ஒரு பியானோ செயலியைத் திறந்து, வேகமாகத் தட்டிப் பாருங்கள். உங்கள் காதே சிறந்த நீதிபதி. ஒன்று கவனம்: புளூடூத் ஹெட்போனைக் கொண்டு சோதிக்கக் கூடாது, பதிவும் செய்யக் கூடாது. அதுவே தன் பங்குக்கு 100 மில்லி விநாடிக்கு மேலும் தாமதப்படுத்தக்கூடும். கம்பியுள்ள ஹெட்போனே வேண்டும். புதிய டேப்லெட்டுகள் பலவற்றில் அதற்கான துளை இல்லாததால் தனி இணைப்பான் ஒன்றும் வாங்க வேண்டியிருக்கும்.

டேப்லெட்டின் சிறப்பு, எடுத்தவுடன் வாசிக்கலாம் என்பதே. 2011 முதல் ஐபேடில் கிடைக்கும் கராஜ்பேண்ட் செயலிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு பாடலில் 32 தடங்கள் வரை பதியலாம். மெட்டு அமைக்கவும், பாடகர் குழுவுக்குச் சுருதியும் தாளமும் போட்டுப் பயிற்சி தரவும் இதைவிட எளிய வழி இல்லை.

நம் இசைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. கீபோர்டின் கட்டைகள் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவுகின்றனவேயன்றி வழுக்கிச் செல்வதில்லை. கமகம் வேண்டுமென்றால் ஓரத்திலுள்ள சக்கரத்தைத் திருகவேண்டும். அதுவும் வழக்கமான அமைப்பில் இரண்டு அரைச்சுரங்கள் மட்டுமே வளைக்கும். கண்ணாடித் திரையிலோ விரலை இழுத்தால் சுரமும் கூடவே வருகிறது. மகேஷ் ராகவன் என்னும் கலைஞர் ஐபேடில் ஜியோஷ்ரெட் என்ற செயலியைக் கொண்டு கர்நாடக இசையையே கமகங்களுடன் வாசித்து வருகிறார். திரையில் வாசிப்பது விளையாட்டு என்று எண்ணும் பெரியவர்கள் அவரை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் டேப்லெட்டின் எல்லையும் விரைவில் வந்துவிடும். மைக்கை இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் என்ற பெட்டியும் சார்ஜரும் பெரும்பாலும் ஒரே துளைக்காகப் போட்டியிடும். இடையே ஒரு ஹப் தேவை. ஐபேடின் நினைவகத்தைப் பிற்பாடு கூட்ட இயலாது. கணக்கைப் பாருங்கள்: தரமான பதிவில், அதாவது 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ் அளவில், ஒரு தடம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 8 எம்.பி. இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாடலுக்குப் பதினாறு தடங்கள் என்றால் 640 எம்.பி. பாடகர் மூன்று முறை திருப்பிப் பாடினால் அதுவும் பெருகும். பத்துப் பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்புக்கு 20 ஜி.பி. எளிதில் தேவைப்படும். பழைய டேப்லெட் வாங்குகிறவர்கள், விற்பவர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து முற்றிலும் வெளியேறிவிட்டாரா என்று உறுதி செய்த பின்னரே பணம் கொடுங்கள். இல்லையேல் அது பூட்டிய பெட்டி.

பல தடங்களைச் சேர்த்துக் கலவை செய்து பாடலை முடிப்பதற்குக் கணினியே ஏற்றது. அது புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 8 ஜி.பி. ராம் போதும், 16 இருந்தால் நலம். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால் ஆமை வேகக் கணினியும் எழுந்து நடக்கும். விளக்குகள் மின்னும் விளையாட்டு மடிக்கணினிகளைக் கண்டு மயங்காதீர்கள். அவற்றின் விசிறி இரைச்சல் உங்கள் பாடலிலும் பதிவாகும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது; ஆகவே 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் பல இப்போது விற்பனைக்கு வருகின்றன. லினக்ஸ் போடத் துணிகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. கேரளத்துப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கைட் நிறுவனத்தின் லினக்ஸ் பழக்கமானதுதானே! ஆடாசிட்டி, ஆர்டர், எல்.எம்.எம்.எஸ். ஆகிய இசை மென்பொருள்கள் அதில் கட்டணமின்றி இயங்கும். விண்டோஸ் வைத்திருப்போர் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாட்கள் சோதித்துப் பார்க்கலாம். தனிநபருக்கான சலுகை விலை 60 டாலர். பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளில் கர்த்தரைத் துதிக்கும் பாடலைப் பதிவு செய்வது எவ்வகையிலும் பொருந்தாது. அதனுடன் வைரஸும் வரும்.

விண்டோஸில் ஒலித்தாமதத்தைக் குறைக்க, இன்டர்பேஸுடன் வரும் ஏசியோ டிரைவரை நிறுவுங்கள். பாடும்போது பஃபர் அளவை 128 அல்லது 256 என்று வையுங்கள். கலவை செய்யும்போது 1024-க்கு உயர்த்தினால் கணினி திணறாது.

சபையில் ஓரமாகக் கிடக்கும் பழைய கீபோர்டை விற்றுவிடாதீர்கள். அதன் பின்புறம் ஐந்து முள் கொண்ட வட்டத் துளை இருக்கிறதா? அது 1983-இல் ஏற்பட்ட மிடி என்ற பொது ஏற்பாடு. விலை குறைந்த யூ.எஸ்.பி. கம்பி ஒன்றினால் அதை இன்றைய கணினியுடனும் டேப்லெட்டுடனும் இணைக்கலாம். மிஞ்சும் பணத்தை நல்ல மைக்கிற்கும் இன்டர்பேஸுக்கும் செலவிடுங்கள். விலையுயர்ந்த கணினியும் மட்டமான மைக்கும் சேர்ந்தால் மட்டமான பாடலே கிடைக்கும்.

நம் ஊருக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. சந்தில் ஓடும் இருசக்கர வாகனம், மின்விசிறி, தகரக் கூரையில் விழும் மழை ஆகியவை மைக்கிற்கு நன்றாகவே கேட்கும். விடியற்காலையில், துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பாடிப் பாருங்கள், எதிரொலி அடங்கும். ஹெட்போனில் "ம்ம்" என்ற ரீங்காரம் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் வீட்டு எர்த் சரியில்லை என்று ஐயுற்று எலக்ட்ரீஷியனை அழையுங்கள். துலாவர்ஷ நாட்களில், அக்டோபர் நவம்பர் மாதங்களின் பிற்பகல்களில், இடி தொடங்கியவுடன் எல்லாக் கம்பிகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். அதற்கு முன்னரே பேட்டரியை நிரப்பி வைத்திருந்தால் ஹெட்போன் அணிந்து கலவை வேலையைத் தொடரலாம்.

பாடல் முடிந்ததும் தடம் தடமாக வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, தனி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதியும், வேறொருவர் வீட்டில் மற்றொரு பிரதியும் வையுங்கள். மென்பொருள் மாறினாலும் எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் அக்கோப்புகளைத் திறக்கலாம். ஒவ்வொன்றின் பெயரிலும் பாடலின் சுருதியையும் தாள வேகத்தையும் எழுதிவிடுங்கள்.