முதுகுவலியில் மறைந்திருக்கும் காசநோய்

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் முதுகுவலி அறியாத குடும்பம் அரிது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கன்டெய்னர் லாரியில் இரவெல்லாம் குலுங்கியவர், கடலில் வலை இழுத்தவர் என எவரைக் கேட்டாலும் இடுப்பைத்தான் பிடித்துக் காட்டுவர். தைலம் தேய்த்து, சுளுக்கு வழித்து, மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அவ்வலிகளுள் ஒன்று காசநோயாக இருக்கலாம் என நாம் எண்ணுவதில்லை. இருமல்தான் இல்லையே!

முதுகெலும்புக் காசநோய்க்கு இருமல் வேண்டியதில்லை. நெஞ்சுப் படமும் தெளிவாக இருக்கக்கூடும். அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளும் அவற்றிடையே உள்ள வட்டும் அரிக்கப்படுவதே இந்நோயின் வழக்கமான தோற்றம். அதை மருத்துவர் எளிதில் இனங்காண்பர். வழக்கம் மீறிய வடிவங்களே ஏமாற்றுகின்றன. சிலருக்கு வட்டு பழுதின்றி இருக்க, ஒரே எலும்பு நொறுங்கும். புற்றுநோயோ என்ற ஐயம் எழும். சிலருக்கு எலும்பின் பின்வளைவில் நோய் ஒளிந்திருக்கும். வேறு சிலருக்குச் சீழ் தசை வழியே இறங்கித் தொடையிடுக்கில் வீக்கமாகத் திரண்டு, குடலிறக்கம் என்று பெயர் பெறும்.

எலும்பு கணிசமாகக் கரைந்த பின்னரே எக்ஸ்ரே அதனைக் காட்டும், எம்.ஆர்.ஐ. படம் முன்னரே காட்டிவிடும். ஆயினும் படம் மட்டும் போதாது. ஊசி வழியே திசு எடுத்துக் கிருமி வளர்ப்பும் மரபணுச் சோதனையும் செய்தல் வேண்டும். எலும்பில் கிருமிகள் குறைவாதலால், ஒரு சோதனையில் அகப்படாமையாலேயே நோய் இல்லையென்று ஆகிவிடாது.

ஓய்விலும் தணியாத வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை வீட்டார் கண்ணுக்கே முதலில் படும். கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும், தண்டுவடம் நெருக்குண்டிருக்கலாம். அத்தகையோர்க்கு அறுவை தேவைப்படக்கூடும்.

மற்றவர்க்கு அவ்வளவு அச்சம் வேண்டா. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், 1975 முதல் முதுகெலும்பு நோயாளரிடையே ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு சாரார்க்கு அறுவையோடு மருந்து. மற்றவர்க்கு மருந்து மட்டும், அதுவும் படுக்கையில் கிடத்தாமல், நடமாடிக்கொண்டே. மருந்து மட்டும் உண்டவரில் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் நலமாயிருந்தனர். இன்று அம்மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஓராண்டளவும் உண்ண நேரிடும். வலியோ சில மாதங்களிலேயே அடங்கிவிடும். மாத்திரையைப் பலர் கைவிடுவதும் அப்போதுதான்.